விலை ஏறுமா என்று கேட்டார்கள்

இராயபுரத்தில் இந்த வீட்டைக் கடனில் வாங்கியபோது, மாறும் வட்டி, ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும் என்றார்கள். நான் பார்த்தவரை ஏறத்தான் செய்தது. விலைவாசி ஏறினால் மத்திய வங்கி வட்டியை ஏற்றும். மாதத் தவணை அப்படியே இருக்கும், கடன் முடியும் வருடம் மட்டும் தள்ளிப்போகும். என் கடன் இப்படியே தள்ளித் தள்ளி, துறைமுக வேலையிலிருந்து நான் ஓய்வு பெறும் வருடத்தையும் தாண்டிவிட்டது. சம்பளம் நின்ற பிறகு எப்படிக் கட்டுவது என்று அடிக்கடி கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

அன்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து, எங்கள் கட்டிடத்தின் கீழே இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவிடம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தாள். மத்திய வங்கிக்காக சர்வே எடுக்கிறாளாம்.

"அடுத்த வருஷம் விலையெல்லாம் ஏறுமா, இறங்குமா? என்ன நினைக்கிறீங்கக்கா?"

அக்கா மாவு ஊற்றுவதை நிறுத்தினாள். "இன்னாத்துக்கும்மா கேக்குற? ஏறப்போவுதா?"

"எனக்குத் தெரியாதுக்கா. நீங்க நினைக்கிறதச் சொல்லுங்க."

"பெரிய பேங்கே வூடு வூடா ஆள் அனுப்பிக் கேக்குதுன்னா சும்மாவா? ஏறும், எழுதிக்கோ."

எனக்குச் சுருக்கென்றது. ஏறும் என்று ஜனங்கள் நம்பினாலே விலை ஏறிவிடும், மத்திய வங்கி பயப்படுவதே அதற்குத்தான் என்று படித்திருந்தேன். பயந்தால் என் வட்டியைத்தான் ஏற்றும்.

"யக்கா, பணவீக்கம் கொறையுதுன்னு டிவில சொல்றான். அவசரப்படாத."

"அப்ப காஸ் விலை எறங்கிச்சா?"

"எறங்கல. ஏர்ற வேகம் கொறஞ்சிருக்கு."

"வேகமா ஏறுனா இன்னா, மெதுவா ஏறுனா இன்னா? ஏறுதா இல்லியா? கம்முனு துன்னு."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "இறங்கும்" என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். "கண்டிப்பா இறங்கும், போட்டுக்கோம்மா" என்றேன்.

மறுநாள் காலையில் இட்லிக்கு ஒரு ரூபாய் கூடியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "ஏறும்னு நானே சொல்லிக்கீறேன். அப்பால ஏத்துறத இப்பவே ஏத்துனா இன்னா?" என்றாள் அக்கா. எரிச்சலாக வந்தது. கூடுதல் காசையும் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

மேலே போய் மனைவியிடம், "எண்ணெய், பருப்பு எல்லாம் ரெண்டு மாசத்துக்குச் சேத்து வாங்கிடு. வெல ஏறப்போவுது" என்றேன்.

"நேத்து எறங்கும்னு சொன்னியாமே?"

"அது பேங்குக்குச் சொன்னது."