உங்கள் மொழியில் ஏதாவது சொல்லுங்கள்

ஒஸ்லோவில் நம்மவர்கள் டாக்சி ஓட்டினார்கள், சமையலறைகளில் பாத்திரம் கழுவினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்து டொக்டர்மாராக்கினார்கள். சூசைரட்ணம் மட்டும் பிணமாகக் கிடந்தார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. முதல் தடவை ஆற்றங்கரையில், மார்ச் மாதத்துக் குளிரில். மூச்சு விட்டால் புகை தெரியும், செத்தவன் புகை விடக்கூடாது என்று பனிக்கட்டித் துண்டை வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் படமெடுத்தவர்கள். பாவி மனிதர் வைத்துக்கொண்டார். பல்லெல்லாம் கூசியது.

பகலில் அவர் பேருந்து கழுவுகிறவர். இரண்டாயிரமாம் ஆண்டில் ஒரு நாள், படப்பிடிப்புக்காரி ஒருத்தி பணிமனைக்கு வந்து, மீசை வைத்த கறுத்த மனிதர் ஒருவர் தேவை, தக்காளிப் பெட்டி தூக்கத் தெரிந்தால் போதும் என்றாள். மீசையும் இருந்தது, பெட்டி தூக்கவும் தெரியும். அப்படித்தான் தொடங்கியது. அதன்பிறகு தொலைக்காட்சித் தொடர்களில் வெளிநாட்டான் வேண்டுமென்றால் அவரைக் கூப்பிட்டார்கள். மரக்கறிக்கடைப் பாகிஸ்தானியர், ஈராக்கிய டொக்டர், குர்திஷ் அகதி, விமானத்தைத் தவறவிட்ட இந்திய விஞ்ஞானி என்று உலகத்தில் பாதி நாட்டுக்கு அவர் பிரஜையாகிவிட்டார். இலங்கைத் தமிழனாக மட்டும் ஒருவரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அதைப்பற்றி அவர் ஒருபோதும் குறைசொன்னதுமில்லை.

வசனம் எழுதித் தர மாட்டார்கள். "உங்கள் மொழியில் ஏதாவது சொல்லுங்கள்" என்பார்கள். குர்திஷ்காரனுக்குக் குர்திஷ் அல்லவா மொழி என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. சூசைரட்ணம் தமிழில் ஏதாவது சொல்வார். எல்லைக் காவலனிடம் கெஞ்சும் அகதியாக நின்று, "தம்பி, நேற்று வாங்கின கணவாய் மீன் நாறிப்போச்சு, என்ன செய்யலாம்?" என்று கண்ணீர் மல்கக் கேட்டார். நோர்வேக்காரர்கள் உருகிப்போனார்கள். தமிழ் வீடுகளில் சிரித்துப் புரண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து தேவாலய வாசலில் நிற்கும்போது, "இந்தமுறை என்ன பகிடி விடப்போறீர்?" என்று கேட்காதவர் இல்லை. கேட்டுவிட்டு அவரவர் குடும்பத்தோடு காரில் ஏறிப் போய்விடுவார்கள். அவர் நிலக்கீழ் ரயிலேறி ட்வெய்ட்டாவுக்கு வருவார், லிஃப்ட்டில் பதினோராம் மாடிக்குப் போவார்.

மனைவி ஜெசிந்தா புற்றுநோயில் போய்ச்சேர்ந்தபோது மகள் டிலக்சி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பனும் மகளுமாக மிஞ்சினார்கள். அவர் சமையலறையில் நடித்துப் பழகுவார், அவள்தான் இயக்குநர். கரண்டியைப் பிடித்துக்கொண்டு "வாஷகூ!" என்பாள். நோர்வேப் படப்பிடிப்பில் தொடங்கச் சொல்லும் வார்த்தை அதுதான். உடனே அவர் அழுவார், சாவார், விமானத்தைத் தவறவிடுவார். நடிப்பு மிஞ்சிப்போனால், "அப்பா, கனக்க நடிக்கிறியள்" என்பாள். அவள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பிறகு துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போனாள். படிப்பு முடிந்த கையோடு வந்து, ஐவின் என்ற நோர்வேப் பெடியனோடு அங்கேயே ஒரே வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். கல்யாணம் பற்றிப் பேச்சே இல்லை. சூசைரட்ணத்துக்குக் கோபம் வந்ததா, ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நிற்கவேண்டுமே என்ற பயம் வந்ததா, தெரியாது. எழுந்து நின்று, கையை நீட்டி, முழுக் குரலில் சொன்னார்:

"இனி இந்த வாசல்படி மிதிக்காதை!"



"அப்பா, இது ஆரின்ரை ரெப்ளிக்?" என்று கேட்டாள் டிலக்சி. ரெப்ளிக் என்றால் நோர்வே மொழியில் நடிகர் பேசும் வசனம். "உங்கடையோ, வேற ஆரும் எழுதித் தந்ததோ?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. அது தரைக்குப் போய்ச்சேருமுன்னரே அவருக்குச் சொன்னது பிழை என்று விளங்கிவிட்டது. படிக்கட்டால் ஓடியிருக்கலாம். தொலைபேசி எடுத்திருக்கலாம். அப்பன் முதலில் இறங்கிப் போவதா என்று இருந்தார். அப்படியே மூன்று வருடம் இருந்தார். அவள்தான் எடுக்கட்டுமே என்று அவரும், வாசல்படி மிதிக்காதே என்றவர்தான் கூப்பிடட்டும் என்று அவளும். பிடிவாதத்தில் அவள் அப்பனை உரித்துவைத்த பிள்ளை.

அந்த மூன்று வருடமும் அவர் பாதி மீன்தான் வாங்கினார். முழு மீன் வாங்கினால் ஒரே குழம்பை நாலு நாள் சாப்பிடவேண்டும். சமையலறையில் தானே "வாஷகூ" என்று சொல்லிக்கொண்டு தானே நடித்தார். கனக்க நடிக்கிறோமா என்று சொல்ல ஆளில்லை.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு துப்பறியும் தொடருக்குக் கூப்பிட்டார்கள். கதைப்பிரதியில் அவருடைய பாத்திரத்துக்குப் பெயர் இல்லை, நாடு இல்லை, தொழில் இல்லை. 'அப்பா' என்று மட்டும் போட்டிருந்தது. பிணவறையில் மகளின் உடலை அடையாளம் காட்டவேண்டும். நண்பர் அல்பிரட்டுக்கு இது தெரிந்ததும் ஒரே குதூகலம்.

"மச்சான், இந்தமுறை என்ர பேரைச் சொல்லு. 'அல்பிரட், உன்ர கார் ஏன் இன்னும் புகைக்குது' எண்டு அழுது சொல்லு. எங்கடை வீட்டிலை எல்லாரும் சேர்ந்து பாப்பம்."

சொல்கிறேன் என்று இவரும் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

பிணவறை என்பது ஒரு பழைய தொழிற்சாலையின் கீழ்த்தளம். சூடேற்றும் கருவி வேலை செய்யவில்லை. பிணமாகக் கிடந்தவள் நாடகப்பள்ளி மாணவி, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். இயக்குநர் இங்வில் நல்ல மனுஷி. "முகத்தை மட்டும்தான் எடுக்கிறோம், காலுக்கு ஏதாவது போட்டுக்கொள்" என்றாள். பிறகு சூசைரட்ணத்திடம் திரும்பி வழமையானதைச் சொன்னாள்: "உங்கள் மொழியில் ஏதாவது சொல்லுங்கள். வாஷகூ!"

அல்பிரட்டின் காரைத் தயாராக நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அவர் கட்டிலருகே போனார். வெள்ளைத் துணியின் கீழ் முனையில் அந்தப் பெண்ணின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தடித்த கம்பளிக் காலுறை, குதிக்காலில் வேறு நிற நூலால் தைத்தது. டிலக்சி வீட்டுக்குள் இப்படித்தான் காலுறையோடு வழுக்கி வழுக்கித் திரிவாள். அல்பிரட்டின் கார் மறந்துபோயிற்று.

"எழும்பு பிள்ளை," என்றார். "வீட்டை வா. நான் சொன்னதைப் பெரிசா எடுக்காதை. உன்ர அறை அப்பிடியே கிடக்கு. அவனையும் கூட்டிக்கொண்டு வா. நான் தனியச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போனன்."

குரல் உயரவேயில்லை. இங்வில் 'கட்' சொல்ல மறந்து நின்றாள். பிணம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இரண்டாம் தடவை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும் ரயிலில்தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. ஒஸ்லோத் தமிழரெல்லாம் கேட்கப்போகிறார்கள். மானம் போகும். போனால் போகட்டும், அவள் ஒருத்தி பார்த்தால் போதும் என்று நினைத்துக்கொண்டார். ஒளிபரப்பாகும் வரைக்கும் அந்த நினைப்பில்தான் நாளை ஓட்டினார். அவள் பார்ப்பாளா? தொடர் வரும் ஞாயிறு மாலையில் துரொண்ட்ஹெய்மில் அவள் என்ன செய்வாள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

ஒளிபரப்பு நாளன்று மோர்டென்ஸ்ருட்டில் அல்பிரட் வீட்டு வரவேற்பறை நிறைந்துவிட்டது. கட்லெட், வடை, கோக் போத்தல். அவரை நடுச் சோபாவில் உட்காரவைத்தார்கள். பிணவறைக் காட்சி வந்ததும், "ஸ்ஸ், பகிடி வரப்போகுது" என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். திரையில் அவர் வாய் திறந்தார். கீழே நோர்வே எழுத்தில் 'அந்நிய மொழியில் புலம்புகிறார்' என்று மட்டும் போட்டார்கள். 'அவனையும் கூட்டிக்கொண்டு வா' என்ற இடத்தில் வீடே வெடித்துச் சிரித்தது.

"செத்தவளைப் பாத்து அவனையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்!" அல்பிரட் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், என்ர காரை விட இது திறம்!"

அவர்களில் பிழையில்லை. எட்டு வருடமாகச் சிரிக்கப் பழக்கியது அவர்தானே. சூசைரட்ணமும் சேர்ந்து சிரித்தார். அல்பிரட்டின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய தட்டை வாங்கிக்கொண்டு போய், கேட்காமலே இன்னும் இரண்டு கட்லெட் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் தொலைபேசி ஓயவில்லை. பேர்கனிலிருந்து ஒருவர், ஸ்தவாங்கரிலிருந்து ஒருவர், எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. வேண்டிய அழைப்பு மட்டும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவளும் அதைப் பகிடி என்றுதான் எடுத்திருப்பாள், கணவாய்ப் பகிடிக்குப் பிறகு எந்த மடையன் இதை நம்புவான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அந்த நாட்களில் அவர் கழுவிய பேருந்துகள் பளபளவென்று இருந்தன.

வார முடிவில் ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில் மீன் வாங்க நின்றார். கடைக்காரன் வழக்கம்போல மீனைப் பாதியாக வெட்டக் கத்தியை எடுத்தபோது, சட்டைப் பைக்குள் தொலைபேசி அடித்தது.

"அப்பா."

டிலக்சியின் குரல்தான்.

"பார்த்தனான். ஐவினும் பார்த்தவன். என்ன சொல்லுறார், கீழை ஒண்டும் போடேல்லையே எண்டு கேட்டவன். நான் சொல்லேல்லை. அது ஆரின்ரை ரெப்ளிக், அப்பா?"

"என்ரை."

"உண்மையா?"

"ஓம் பிள்ளை. என்ரைதான்."

"அப்ப எனக்குச் சொல்லுங்கோ. டிவிக்கு இல்லை. எனக்கு."

சூசைரட்ணம் வாயைத் திறந்தார். உலகத்தில் பாதி நாட்டுக்காரனாக அழுத வாய் அடைத்துக்கொண்டது. விளக்கில்லை, கமெராவில்லை, முன்னால் மீன்கடைக்காரன் கத்தியோடு நிற்கிறான். மகள் வைத்துவிடுவாளோ என்று பயந்தார்.

அவள் வைக்கவில்லை. மெதுவாக, சமையலறையில் கரண்டியோடு நின்ற அதே பிள்ளையாக, "வாஷகூ" என்றாள். அவளுடைய குரலும் உடைந்துதான் இருந்தது.

"வீட்டை... வீட்டை வா பிள்ளை," என்றார். திக்கித் திணறி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற வரிகள் எல்லாம் மறந்துவிட்டன.

"அவனையும் கூட்டிக்கொண்டோ?"

"அவனையும்தான்."

கடைக்காரன் கத்தியை மீனின் நடுவில் வைத்து அழுத்தப் போனான். சூசைரட்ணம் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார்.

"பிள்ளை, ஒரு நிமிஷம் நில்லு," என்றார் தொலைபேசியில். "அவன் மீன் சாப்பிடுவானோ?"