பட்டாசு லேபிளில் ஒட்டிக்கொண்ட ஜோடிப் பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி மதினி ஓர் அட்டைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் செல்போன் கடைக்குள் வந்தார். தீபாவளிக்கு ஊர் ஊராகப் போகிற கிப்ட் பாக்ஸ் பெட்டிதான். அதன் மேல் ஒரு குழந்தை கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சிவகாசிப் பக்கம் எந்த வீட்டில் எதைக் கட்டி வைத்தாலும் இந்தப் பெட்டியில்தான் கட்டி வைப்பார்கள். உள்ளே வெங்காயம் இருந்தாலும் சரி, இத்துப்போன சேலை இருந்தாலும் சரி, அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு குறையாது.

"என்ன கொழுந்தனாரே, யாவாரம் எப்படி?"

"நீங்க வந்துட்டீகள்ல மதினி, இனிமே ஓடீரும்."

"வாய் மட்டும் ஓடுது ஒனக்கு. இந்தா, இம்புட்டையும் பென்டிரைவுல ஏத்திக் குடு."

பெட்டியைப் பிரித்ததும் ஒரு வாசம் வந்தது. பாதி கந்தகம், பாதி அச்சு மை. வேறு ஊர்க்காரர்களுக்கு இருமல் வரும். எனக்குப் பதினேழு வயது வந்தது. உள்ளே அத்தனையும் கரோக்கி டிஸ்குகள். பாட்டின் இசை மட்டும் இருக்கும், பாடுகிறவர் குரல் இருக்காது. அந்த இடத்தை நாம் பாடி நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் ஆனைக்குட்டத்தில் எங்கள் தெருவே ஒவ்வொரு சாயங்காலமும் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது.

மதினி குரலைத் தணித்துக்கொண்டார். "எல்லாம் கெடைக்காட்டியும் போகுது. அந்த ஒண்ணு மட்டும் கெடச்சிரணும். செல்வி கலியாணத்துக்கு மேடையில அவுக கூட நான் பாடணும். அப்பன் கொரலு எப்படி இருந்துச்சுன்னே அவளுக்கு ஞாபகம் இல்ல, பாத்துக்கோ."

எந்த ஒன்று என்று நான் கேட்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். மதினி என்றால் சொந்த அண்ணன் பெண்டாட்டி இல்லை. பக்கத்து வீட்டுக் கருப்பசாமி அண்ணனின் மனைவி. அண்ணன் பட்டாசு லோடு லாரி டிரைவர். மதினி பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் செக்ஷன். செல்வி அவர்கள் மகள், அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டு மைக் வயரைக் கடித்துக்கொண்டிருப்பாள். நான் யார் என்றால், பள்ளிக்கூடமும் நானும் ஒன்பதாம் வகுப்போடு சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு பட்டாசு லேபிள் அடிக்கிற ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் தாள் அடுக்கும் வேலை. சாயங்காலம் ஆனால் அண்ணன் வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் கரோக்கி செட்டுக்கு நானே இன்ஜினியர். ஒன்பதாம் வகுப்பு இன்ஜினியர் என்று அண்ணன் எல்லோரிடமும் அறிமுகப்படுத்துவார்.

செட் என்றால் ஒரு டிவி, ஒரு பிளேயர், இரண்டு மைக், கோயில் மைக்செட்டில் கழித்துப் போட்ட ஒரு பாக்ஸ். பட்டாசுக் கம்பெனிக்குள் ரேடியோ கூடாது, செல்போன் கூடாது. பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு வேலை செய்துவிட்டு வருகிறவர்கள், சாயங்காலம் குளித்துத் தலை சீவி எங்கள் சாய்ப்பில் வந்து வாயைத் திறப்பார்கள். எவ்வளவு குளித்தாலும் வெடிமருந்து ரூம்காரர்களின் நகக்கண்ணில் அலுமினியப் பொடி போகாது. மைக்கைப் பிடித்துப் பிடித்து அது பளபளவென்று ஆகிவிட்டது. வெள்ளி மைக் வைத்துப் பாடுகிற ஒரே குரூப் நாங்கள்தான் என்று வெம்பக்கோட்டை வரை நான் பீற்றிக்கொண்டேன்.

ஒரு சிக்கல் இருந்தது. டிவியில் பாட்டு வரி தமிழ்ப் பாட்டாக இருந்தாலும் இங்கிலீஷ் எழுத்தில் ஓடும். பின்னால் எங்கேயோ ஒரு பனிமலை, அதில் நாலு வாத்து. எழுத்து கலர் மாறிக்கொண்டே போகும், நாங்கள் வாத்தைப் பார்த்துக்கொண்டே நிற்போம். மதினிக்கு ஒரு தடவை கேட்டால் வரி மனப்பாடம். அண்ணனுக்கு மறுவரி முன்வரியை மறக்கடித்துவிடும். அதனால் அவர் டிவியைப் பார்த்துப் பாடமாட்டார், மதினியின் வாயைப் பார்த்துப் பாடுவார். மதினி எதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் வாயசைக்க, அண்ணன் அரை நொடி பிந்திப் பாடுவார்.

"ஏண்ணே, வரியப் பாக்கீகளா, வாயப் பாக்கீகளா?" என்று கேட்டால், "ஒனக்கெல்லாம் பிளேயர ஆப் பண்ணிப் போடுறதுதாம்லே வேலை" என்பார்.

குரல் என்னவோ கணீரென்ற குரல். கதவை மூடினாலும் தெருக்கோடி டீக்கடைக்குக் கேட்கும்.

இப்போது அந்த ஒன்றுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் புரட்டாசி மாதக் கோயில் பொங்கல்தான் விசேஷம். பட்டாசுக்கும் அதுதான் சீசன். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற அண்ணன், ஒரு லோடு இறக்கி இன்னொரு லோடுக்குத் திரும்பி ஓடுவார். பொங்கலுக்கு அவர் ஊரில் இருந்ததே இல்லை. மதினிக்கோ பொங்கல் மேடையில் ஜோடிப் பாட்டு பாட வேண்டும். ஊரில் வேறு ஆம்பளை யாராவது கூடப் பாடினால் என்ன என்று நான்தான் கேட்டேன். என்னையே மனதில் வைத்துத்தான் கேட்டேன். மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒன் கொரலுக்குச் சாமியே எந்திரிச்சுப் போயிரும்."

அதனால் ஒரு வழி செய்தோம். லாரி கிளம்புவதற்கு முன்னால், அண்ணனின் பாதியை மட்டும் பாடச் சொல்லி இசையோடு சேர்த்துப் பதிந்து, ஒரு டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டோம். மதினியின் பாதி காலியாக இருக்கும். மேடையில் அந்த இடத்தில் மதினி பாடுவார், ஸ்பீக்கரிலிருந்து அண்ணன் பதில் சொல்வார். காத்திருக்கிற பெண்ணும் வழியில் இருக்கிற ஆணும் மாறி மாறிப் பாடுகிற பாட்டு. பதிவின்போதும் மதினி எதிரே உட்கார்ந்து வாயசைத்தார். நடுவில் நீளமாக ஒரு புல்லாங்குழல் வரும். அண்ணன் பாட்டை மறந்து, மைக் ஓடுவதையும் மறந்து, மதினியைப் பார்த்து "சாப்பிட்டியா பிள்ள?" என்று கேட்டுவிட்டார். அதுவும் பதிவாகிவிட்டது. திருப்பி எடுக்க நேரமில்லை, வாசலில் கிளீனர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

மேடையில் மதினி "எப்போது வருவாய்" என்கிற பொருளில் வரும் அந்த வரியைப் பாடியபோது குரல் உடைந்தது. வேண்டுமென்றே செய்ததல்ல. ஆள் எந்த மாநிலத்தில் எந்த ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறார் என்று மதினிக்கே தெரியாது. பின்னால் இருப்பதோ லாரி நிறைய வெடி. தெருவில் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். அப்போது புல்லாங்குழல் வந்தது. ஸ்பீக்கரில் அண்ணன், "சாப்பிட்டியா பிள்ள?" என்றார். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கிலேயே, "ஆச்சு, நீங்க சாப்பிட்டீகளா?" என்றார். அழுதுகொண்டிருந்த தெரு அப்படியே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே டிஸ்க், அதே கேள்வி. பதில் மட்டும் மாறும். ஒரு வருஷம், "எங்கிட்டு, ஒங்க மக விட்டாத்தான" என்றார்.

பிறகு அண்ணன் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன். கட்டி நல்ல கட்டிதான், ஆளுக்கு ஒன்றுமில்லை. குரல் மட்டும் போய்விட்டது. இப்போது அவர் பேசினால் ஊதுபத்தியை அணைப்பது போலக் காற்று வரும். லாரியை விட்டு இறங்கி உள்ளூர்க் குடோனில் பகல் வேலை பார்க்கிறார். கரோக்கி பெட்டிக்குள் போனது அப்போதுதான்.

சரி, பெட்டிக்கு வருவோம். டிஸ்குகளுக்கு உறை எல்லாம் லேபிள் வேஸ்ட். மிஷினில் கலர் சரியாக உட்காரும் வரை ஓட்டுகிற தாளைக் கழித்துப் போடுவார்கள். அதில் கிளி ஓரிடத்திலும் கிளியின் மூக்கு ஓரிடத்திலும் இருக்கும். எங்கள் ஊரில் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை, அலமாரிக்கு விரிப்பு, பலகாரம் மடிக்கிற தாள், எல்லாம் இதுதான். எதற்குப் போட்டாலும் படம் உள்ளே, வெள்ளை வெளியே. பேர் எழுத வேண்டுமே! டிஸ்குக்கும் அப்படியே மடித்தோம். மை சரியாகக் காய்வதற்குள் மிஷினிலிருந்து உருவிக்கொண்டு வந்த தாள், மேலே பளபளா வார்னிஷ் வேறு. எங்கள் ஊர் வெயிலில் பரண்மேல் அத்தனை வருஷம் கிடந்தால் என்ன ஆகும்? உறையைப் பிரித்தால் தாள் மட்டும் வருகிறது, படம் வரவில்லை. ஒவ்வொரு டிஸ்கின் பளபளப்பான பக்கத்திலும் ஒரு ராக்கெட், ஒரு மயில், ஒரு மூக்கில்லாத கிளி. அந்த ஒன்றின் மேல் ஒரு பெரிய சங்குசக்கரம் அப்பிக்கொண்டிருந்தது.

மதினி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார், பெயரவில்லை.

ஸ்டுடியோக்கார நண்பனிடம் வெளியே மாட்டுகிற டிஸ்க் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினேன். சங்குசக்கரத்தோடு போட்டுப் பார்த்தேன். கரகரவென்று சுற்றித் துப்பிவிட்டது. பிரஸ்ஸில் மையைத் துடைக்க மண்ணெண்ணெய்தான். உதவாத டிஸ்க் ஒன்றில் தேய்த்தேன். மயில் போனது, கூடவே டிஸ்கின் கண்ணும் போய் வெள்ளை பூத்துவிட்டது.

"அட கூறுகெட்டவனே, பிள்ளைக்குக் காதுல கம்மல் ஒட்டிக்கிட்டா என்னத்தப் போடுவோம்? தேங்கா எண்ணெயப் போட்டு ஊற வையி" என்றார் மதினி.

முதலில் மற்றவற்றில் செய்து பார்த்தோம். எண்ணெய் தடவி, வெயில் படாமல் ஊறவைத்து, பஞ்சால் உள்ளிருந்து வெளியே ஒற்றியெடுத்தால் படம் தோல் மாதிரி உரிந்து வந்தது. பாதிக்கு மேல் ஓடியது. ஓடியதையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றினேன். படத்தின் பேரைப் போட்டு அடுக்கவா, வருஷம் போட்டு அடுக்கவா என்று கேட்டேன்.

"பாடுன ஆளு பேரப் போட்டு வையி. படத்தோட பேரு எவளுக்கு ஞாபகம் இருக்கு?"

அதனால் இப்போது என் லேப்டாப்பில் போல்டர்கள் இப்படி இருக்கின்றன: ஆலங்குளத்து மாமா, வாட்ச்மேன் சித்தப்பா, சுருதி சேராத சரசு. கடைசிப் பேர் நான் வைத்தது. சரசு அக்கா கடைக்கு வந்தால் லேப்டாப்பை மூடிவிடுவேன்.

சங்குசக்கரத்தை மட்டும் மதினியே உரித்தார், என்னைத் தொடவிடவில்லை. உரித்து முடித்து முந்தானையில் ஒற்றி, ஒரு முறை ஊதி என்னிடம் கொடுத்தார். டிரைவ் சுற்றியது. கரகரப்பு. நின்றது. மறுபடி சுற்றியது. மதினி வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கம்ப்யூட்டரில் பச்சைக்கோடு நகர்ந்து, நடுவில் தங்கி, மறுபடி நகர்ந்து, கடைசி வரை போனது.

"மதினி, திரும்புங்க. வந்துட்டாரு."

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டில் போட்டோம். அண்ணன் தரையில் கால் நீட்டிப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய கணீர்க்குரல் வீட்டை நிறைத்ததும் உரித்த கை நின்றுவிட்டது. செல்வி ஸ்பீக்கரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, இது நீங்களா? நெசமாவா?"

அண்ணன் காற்றுக்குரலில், "யாரோ ஒரு கிறுக்கன். இந்தக் கத்துக் கத்துறான்" என்றார். கண் மட்டும் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. செல்வி முதலிலிருந்து போடச் சொன்னாள். மறுபடி போடச் சொன்னாள். புல்லாங்குழலில் "சாப்பிட்டியா பிள்ள?" வந்தபோது அப்பா தோளில் சாய்ந்து சிரித்தாள்.

"கலியாணத்துக்கு ஒத்திகை பாத்துருவோமா?" என்று மதினி எழுந்து நின்றார். மைக் இல்லாததால் கரண்டி. சுருதி அப்படியே இருந்தது, தாளம் இருந்தது. தெருவையே மூக்குச் சிந்தவைத்த அந்த வரி வந்தது. பாடிக்கொண்டே எதிரே பார்த்தார். அங்கே அண்ணன், மடியில் பூண்டுத் தோலோடு. மதினிக்கு வரி பாதியில் சிரிப்பாகிவிட்டது. திரும்பத் தொடங்கினார். திரும்பவும் சிரிப்பு.

"முடியல கொழுந்தனாரே. வர மாட்டேங்குது."

"என்ன மதினி வரல?"

"அழுகதான். எப்ப வருவீகன்னு ஏங்கிப் பாடணும். ஆளு இங்கன உக்காந்து பூண்டு உரிச்சா எங்கிட்டுருந்து வரும்?"

அண்ணன் தலையைத் தூக்கினார். "வேணும்னா ஒரு லோடு போயிட்டு வரவா பிள்ள?"

"போவீக! லாரிச் சாவியத் தொட்டுப் பாருங்க, கைய ஒடிச்சுப்புடுவேன்."

அண்ணனின் பாதி பத்திரமாகக் கிடைத்துவிட்டது. காணாமல் போனது மதினியின் பாதிதான். மேடையில் நேரில் பாடுகிறவர்தானே என்று அதை நாங்கள் எந்த டிஸ்கிலும் பதிந்து வைக்கவில்லை. அப்படி அழுத ஒரு குரல் எங்கள் தெருவில் இருந்தது என்று நான் சொல்லித்தான் செல்வி நம்ப வேண்டும். அதைத் தேட யாரும் மெனக்கெடவில்லை. பூண்டு உரித்து முடிந்ததும் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டோம்.