மலையில்லாத ஊரில் ஸ்கீக்கு விசாரித்த எங்கள் அண்ணா

மன்னார் பேசாலைக் கடற்கரையில் பிறந்து, டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் இறைவனில் இளைப்பாறும் எங்கள் அண்ணாவின் முதலாம் ஆண்டு நினைவாக, அவரின் கடைசித் தங்கை நான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஐயா இளவயதிலேயே போய்விட்டார். மூன்று தங்கைகளைக் கரையேற்றும் பொறுப்பு அண்ணாவின் தலையில் விழுந்தது. ஒரு மாப்பிள்ளை பேசி வந்தால் அண்ணா அவர் வீட்டுப் பக்கமே போகமாட்டார். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே! மாப்பிள்ளையோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவரைத் தேடிப்பிடித்துத்தான் விசாரிப்பார். அப்படி விசாரித்துத் தந்த என் கணவரைப் பற்றி எனக்கு இன்றுவரை குறையில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் அகதியாக டென்மார்க் வந்த அண்ணாவுக்கு, நானும் என் கணவரும் இருந்த ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறையில் வேலை கிடைத்தது. நீல்ஸ் என்பவர் அங்கே தனியாளாக ஸ்கீ, அதுதான் பனியில் சறுக்கக் காலில் பூட்டும் நீளப் பலகை, செய்துகொண்டிருந்தார். ஏறிப் பார்க்க ஒரு மேடும் இல்லாத ஊரில் ஸ்கீயா என்று எனக்கு ஒரே சிரிப்பு. வாங்குகிறவர்கள் அதைக் காரின்மேல் கட்டிக்கொண்டு நோர்வேக்குப் போவார்கள். திரும்பி வந்து, “அருமை” என்று நீல்ஸின் தோளில் தட்டுவார்கள். ஆனால் இரண்டாவது சோடி வாங்க ஒருவரும் வருவதில்லை.

“இந்தக் குளிரோட சரிவராட்டி பூட்டவேண்டியதுதான்” என்றார் நீல்ஸ். அண்ணி அப்போது கைக்குழந்தையோடு மன்னாரில் இருந்தார். வேலை நிலைத்தால்தான் அவர்களை இங்கே எடுக்கலாம் என்று அண்ணா நம்பியிருந்தார்.

“பிள்ளை, எல்லாரும் நல்லமெண்டுதான் சொல்லுறாங்கள். பிறகேன் திரும்பி வாங்கேல்லை?” என்று என்னிடம் கேட்டார்.

“எங்களுக்கேன் அண்ணை உந்த ஆராய்ச்சி? வேலையைப் பாருங்கோ.”

“இல்லை, விசாரிக்கத்தான் வேணும்.”

ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோனபோது அந்த விசாரிப்பை நானே பார்த்தேன். முன்பு ஸ்கீ வாங்கிப்போன ஒருவர் உள்ளே நீல்ஸோடு கதைத்துக்கொண்டிருக்க, அண்ணா வெளியே நின்ற அவர் மனைவியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் முறைப்படி முதலில் ஊர் எது, தாய்தகப்பன் இருக்கிறார்களா, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்! தனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஷில் எல்லாம் கேட்டார். அந்தப் பெண் மிரண்டு காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில்தான் அண்ணா விஷயத்துக்கு வந்தார்.

“அவர் சறுக்கேக்கை நீங்கள் பக்கத்தில நிண்டனீங்களோ?”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். கணவர் கேட்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு சொன்னார்: “பனி இறுகிக் கிடந்தா இதின்ர முனை நடுங்கும். அண்டைக்கு அவர் பழைய ஸ்கீயைத்தான் எடுப்பார்.”

“அப்ப ஏன் நீல்ஸிட்டைச் சொல்லேல்லை?”

“அவர் தனியாளாக் கஷ்டப்படுறார். எங்களுக்கு அவரில நல்ல விருப்பம்.”

வாங்கியவர்களோடு சறுக்கக் கூடப்போன இன்னும் சிலரைக் கேட்டபோதும் இதே கதைதான். பெரிய கம்பனியின் ஸ்கீ என்றால் வாய் நிறையத் திட்டியிருப்பார்கள். சின்னப் பட்டறைக்காரரில் வைத்த அன்பால் வாயை மூடிக்கொண்டார்கள். அன்பு ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுக்கவும் கூடும் என்பது எனக்குப் புதினமாக இருந்தது.

நீல்ஸிடம் சொல்லவேண்டாம், உள்ள வேலையும் போய்விடும் என்று நான் மன்றாடினேன். அண்ணா சொன்னார். நீல்ஸ் முகம் சிவந்து, “அவங்கள் என்ர கூட்டாளியள்!” என்று கையுறையைக் கழற்றி எறிந்தாராம். அண்ணா வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். அண்ணியை நினைத்து நான்தான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், எங்கள் வாசலில் நீல்ஸ் நின்றார். அந்தப் பெண்ணுக்கு அவரே தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கிறார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “உண்மைதான். நாளைக்கு வா” என்றார். அதன்பிறகு முனையில் என்ன மாற்றம் செய்தார் என்பது அண்ணாவுக்கே சரியாக விளங்கவில்லை. அடுத்த குளிருக்கு அந்தப் பெண்ணின் கணவர் வந்து மனைவிக்கும் ஒரு சோடி வாங்கிப்போனார். பட்டறை பூட்டப்படவில்லை. அண்ணியும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள்.

அண்ணா நோயில் விழுந்தபோது இரவுபகலாகப் பார்த்த தாதிமாருக்கும், செபித்த பங்குமக்களுக்கும், அண்ணியைத் தனிக்க விடாமல் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

நீல்ஸுக்கு வேறாகச் சொல்லவேண்டும். தடியை ஊன்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்க, அண்ணா வழமைபோல, “நல்ல சுகம்” என்றார். நீல்ஸ் தலையாட்டிவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் இருந்தார்.

“அவன் சொன்னதைக் கேட்டன். நீதான் பக்கத்தில இருக்கிறாய். நீ சொல்லு.”

அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் சொல்லமுடியாமல் நான் அடக்கிவைத்திருந்த எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி அழுதேன்.