தாடி மாதங்களில் ஒரு சவரச் சோப்பு

என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புப் பட்டறை வேலை. பொன்னேரியிலிருந்து விடிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்த அவசரத்திலும் சவரத்தை மட்டும் நிதானமாகச் செய்வார். பர்மா பஜாரில் வாங்கிய கறுத்த சோப்பு. கிண்ணத்தில் பிரஷ்ஷைச் சுழற்றினால் நுரை வெள்ளையாக வரும்; வாசனையோ இருட்டாக இருக்கும். ஐப்பசி மழையில் ஊறிய வரப்பு, மக்கின இலை, ஈர மரப்பட்டை எல்லாம் சேர்ந்த வாசனை.

கல்யாணமாகி வந்த புதிதில், "இன்னாங்க இது, சேத்து வாட அடிக்குது?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஒரே மாதத்தில் அது இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது என்று ஆகிவிட்டது. சந்தனமும் ரோஜாவும் எடுத்த எடுப்பிலேயே பல்லை இளிக்கும். இது முகம் துடைத்த பிறகுதான் மெல்ல எழும்.

இரண்டு முறை எனக்குக் கரு தங்கவில்லை. "பொண்டாட்டி முழுகாம இருக்கசொல்ல புருஷங்காரன் மொகம் வழிக்கலாமா? நீ வழிச்சிக்கினு திரிஞ்ச, அதான்" என்று மாமியார் தன் மகனைத்தான் ஏசினார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் வீட்டுக்காரருக்கும் இல்லை. ஆனாலும் மூன்றாம் முறை நாள் தள்ளியதும் சோப்பும் ரேசரும் பரணுக்குப் போய்விட்டன. பயம் வந்துவிட்டால் நம்பிக்கையை யார் கேட்கிறார்கள்?

இந்த முறை மசக்கை என்னைப் படுத்திய பாடு! கஞ்சியைக் கண்டாலே குமட்டியது. "இப்படியே போனா கொழந்த தாங்காதும்மா" என்று நர்ஸ் சொல்லிவிட்டார். மற்றவர்கள் மாங்காய்க்கும் சாம்பலுக்கும் ஏங்குவார்கள். என் மூக்கு அந்தச் சோப்புக்கு ஏங்கியது. கேட்க வெட்கம். ஒரு மழை நாளில் கேட்டேவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பரணிலிருந்து சோப்பையும் பிரஷ்ஷையும் மட்டும் இறக்கி, வெந்நீரில் நுரை எழுப்பி, கிண்ணத்தை என் முகத்தருகே பிடித்தார். ஒரு மூச்சு இழுத்தேன். ஒரு வாய் கஞ்சி குடித்தேன். வயிறு சும்மா இருந்தது.

பிரஷ் சத்தம் கேட்டு மாமியார் பாய்ந்து வந்தார். "டேய், மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" மகனின் தாடியைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், என் கையில் காலியாகிக்கொண்டிருந்த கஞ்சி டம்ளரையும் பார்த்தார்.

"பிளேடு எங்கடா?"

"பரண்லதாம்மா கீது."

"அப்ப சரி. நுரைக்கு ஒரு தோஷமும் இல்ல" என்று தானே ஒரு சட்டம் போட்டுவிட்டார். மறுநாளிலிருந்து நுரைக்கு வெந்நீர் வைத்தது மாமியார்தான்.

பிரசவம் பொன்னேரி ஆஸ்பத்திரியில். மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் குழந்தை இல்லை. யாரிடமும் கேட்கத் துணிச்சல் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அப்போது வராந்தாவில் மாமியாரின் குரல் கேட்டது.

"இன்னாடா மரமாட்டம் நின்னுகினுகீற? ஊட்டுக்குப் போய் மொகத்த வழிச்சிக்கினு வா, போ. உம் பொண்ணு பாத்தா பயந்துக்கப் போவுது."

அதைக் கேட்டபிறகுதான் வாய்விட்டு அழுதேன்.