அக்கா நடக்கும் வரிசை

மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் நான் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கும் துணி ஆலையில் ஒரு சூப்பர்வைசர் அக்கா இருக்கிறார். காலையில் ரிப்போர்ட்டும் கையுமாக மெஷின் மெஷினாகப் போய், எங்கே நூல் அறுந்தது, எதில் துணி பழுது என்று குறித்துக்கொண்டு ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வருவார். புது கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்து அதைக் கெடுத்தது. அதிலிருந்து ரிப்போர்ட்டை எக்ஸ்போர்ட் செய்து அச்சடித்தால் எறும்பு எழுத்தில் தாளின் அகலம் கொள்ளாத பத்திகள். வரிசையோ பழுதின் வகைப்படி. அக்கா தேடித் தேடி இரண்டு வாரமாகக் கூட்டத்துக்குத் தாமதம்.

இப்படியே போனால் வேறு ஆளைப் போடுவேன் என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓய்வுபெற இன்னும் மூன்றே வருடம் இருக்கிறவரையா? அக்காவிடம் மூச்சு விடவில்லை.

சிஸ்டத்தின் செட்டிங்கைக் குடைந்தேன். வேண்டாத பத்திகளை எடுத்தேன், எழுத்தைப் பெரிதாக்கினேன், மெஷின் எண்படி அடுக்கினேன். எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் அக்கா தாளோடு வந்து நின்றார்.

"அலமாக்! ஏம்மா, 3A எங்க? கடைசியில கிடக்குது!"

எங்கள் சீன முதலாளிக்கு நாலு ஆகாது, அவர் மொழியில் அது சாவு என்பதுபோல ஒலிக்குமாம். நாலாம் மெஷின் 3A, பதினாலாவது 13A. எழுத்து ஒட்டிய எண்களையெல்லாம் சிஸ்டம் அடியில் தள்ளியிருந்தது. தினமும் பார்க்கிற எனக்கு அது தோன்றவில்லை, மடச்சி.

"அதோட நான் ஒண்ணு, ரெண்டுன்னா போறேன்? இடப்பக்கமா போயி வலப்பக்கமா திரும்பி வருவேன்லா. வா, காட்டுறேன்."

கையைப் பிடித்து இழுத்துப் போனார். அவர் நடக்க நடக்க நான் பென்சிலால் குறித்தேன். அந்த வரிசையை ஒரு தனிப் பத்தியாகச் சேர்த்து, அதன்படியே எக்ஸ்போர்ட் ஆகும்படி வைத்தேன். அடுத்த நாள் கூட்டத்துக்கு முதல் ஆளாக அக்கா வந்தார். வாரம் முழுக்க அப்படியே. வேறு ஆள் வேண்டாம் என்று மேனேஜர் வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் மேனேஜர் மிரட்டிய விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தெரியும்மா. என்கிட்டயும் சொன்னாரு. ரெண்டு வாரமா எனக்குச் சோறே இறங்கல."

"ஏங்கக்கா என்கிட்ட சொல்லல?"

"நீ அவருகிட்ட சண்டைக்குப் போயி உன் வேலையும் போச்சுன்னா?"