ஒன்பது துளைகளும் எங்கள் தோப்பும்

தோப்பில் தண்ணீருக்குப் போர் போட எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணத்தை என் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் ஒரு சுரங்கக் கம்பெனியின் பங்கில் போட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுரங்கக் கம்பெனி என்பதுகூடத் தப்பு, அவர்களிடம் சுரங்கம் கிடையாது. வடக்கே எங்கோ ஒரு மலைச்சரிவில் செம்பு இருக்குமா என்று தோண்டிப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சர் ஏமாறமாட்டாள் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பங்கை வாங்கியவர்கள் திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்து மூன்று பேர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லைன்மேன் அண்ணன், அப்புறம் நான். வினாத்தாள் நகல் எடுக்கப் போன இடத்தில்தான் இந்தச் சனியன் பிடித்தது. கம்பெனி அறிக்கை வரும்போதெல்லாம் அக்கா மூன்று பிரதி எடுத்து வைப்பார். பள்ளி விட்டதும் போய் உட்காருவேன்.

ஒன்பது இடத்தில் துளை போட்டிருந்தார்கள். மூன்றில் செம்பு தெரிந்ததாம், ஆறில் ஒன்றுமில்லை. பத்தாவது துளை இனிமேல்தான். இவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு மாதம் பேசினோம்.

ஒரு நாள் எனக்கு வெறி வந்துவிட்டது. நீளம், அகலம், ஆழம், நூற்றுக்கு எவ்வளவு செம்பு, செம்பு இன்றைக்கு என்ன விலை என்று எல்லாவற்றையும் போட்டுப் பெருக்கினேன். வந்த விடையை நானே இரண்டு தரம் சரிபார்த்தேன். ஒரு பங்கின் விலை இப்போது இருப்பதைப்போல நாற்பது மடங்கு வந்தது. அக்கா கடைக்கு வந்தவர்களை விட்டுவிட்டு என் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். லைன்மேன் அண்ணன் மட்டும், அந்த மலைக்கு ரோடு இருக்கா, கரண்டு இருக்கா, வெட்டி எடுத்து உருக்க யார் காசு போடுவது என்று கேட்டார். சரி, அதையும் கழிப்போம் என்று கழித்தேன். அதே தாளில், அதே பேனாவில், பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது.

"செத்த நேரத்துக்கு முன்னாடி கோடின்னீங்க, இப்பக் கடன்ங்கிறீங்க," என்றார் அக்கா. "எதுதான் டீச்சர் சரி?"

இரண்டிலும் தப்பு இல்லை. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒரே கணக்குக்கு இப்படி எதிரும் புதிருமாக இரண்டு சரியான விடை வந்து நான் பார்த்ததில்லை. அறிக்கையிலேயே 'ஊகத்தின் அடிப்படையில்' என்று ஒரு வரி இருப்பதை லைன்மேன் அண்ணன் விரலை வைத்துக் காட்டினார். அக்காவோ, ஊகிக்கிறவர்கள் சும்மாவா ஊகிப்பார்கள், படித்தவர்கள் இல்லையா என்றார். எனக்கு அண்ணன் பேசும்போது அண்ணன் சரி, அக்கா பேசும்போது அக்கா சரி. தலை சுற்றியது.

இதற்குள் தோப்பில் தண்ணீர் வற்றிப்போனது. மதுரை ரோட்டில் காந்திகிராமத்தைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் தென்னந்தோப்பு. பழைய போரில் மோட்டார் பத்து நிமிஷம் இறைத்துவிட்டுக் காற்றை ஊதியது. பிஞ்சுக் குரும்பை எல்லாம் கொட்டத் தொடங்கிவிட்டது. ஓலை மஞ்சளித்துத் தொங்கும் மரங்களை என் வீட்டுக்காரர் ஒன்றொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடப்பார், நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். நீரோட்டம் பார்க்கிறவரை வரவழைத்து இடம் குறித்துக் கல் நட்டு மஞ்சள் தடவியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை துளை போடும் ரிக் வண்டி வருகிறது, பணத்தை எடுத்து வை என்றார். சரி என்று தலையாட்டினேன். அதற்குள் பங்கை விற்றுப் பணத்தை எடுத்துவிடலாம், அவருக்குத் தெரியவே வேண்டாம் என்பது என் திட்டம்.

ஆனால் விற்கக் கை வரவில்லை. நாற்பது மடங்கு என்று என் கையாலேயே எழுதிய தாள் கைப்பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வண்டி உள்ளே வரப் பாதை இருக்கிறதா என்று பார்க்க ரிக்காரர் வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். வீட்டுக்காரர் அவருக்கு இளநீர் வெட்டப் போன நேரத்தில், துளையிலிருந்து எடுத்த கற்களை நீளமான பெட்டிகளில் அடுக்கிக் கம்பெனி போட்டிருந்த படங்களை எடுத்து நீட்டினேன். பூமிக்குள் துளை போடுகிறவர்தானே, இவருக்குத் தெரியாதா என்று ஒரு நம்பிக்கை. டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணின்னாச் சொல்லுவேனுங்க. இதுல நமக்கு ஒண்ணும் தெரியாதுங்க டீச்சரம்மா," என்றார்.

விடாமல் கேட்டேன். ஒன்றுமே கிடைக்காவிட்டால் கம்பெனிக்காரனுக்கும் நட்டம்தானே, அப்படியென்றால் நம்பிக்கை இல்லாமலா தோண்டுவான்?

"அவிங்களுக்கு எப்படியோ தெரியலீங்க. நமக்கு அடிக்கு இவ்வளவுன்னு கூலி. தண்ணி வந்தாலும் கூலிதான், வெறுங் கல்லுப் புகை வந்தாலும் கூலிதானுங்க."

இளநீரோடு என் வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என்ன தாள் அது என்று கேட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீட்டுப் பணம் முழுக்க அந்த ஒன்பது துளைக்குள் கிடக்கிறது என்றேன். ரிக்காரர் தர்மசங்கடமாகத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் திட்டுக்குக் காத்திருந்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து உப்பு குறைந்ததற்கெல்லாம் குதித்த மனிதர் அவர். அரிவாளைக் கீழே வைத்தார், வேட்டியில் கையைத் துடைத்தார், தாளை வாங்கினார்.

"எம்புட்டு அடி போயிருக்காங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பகீர் என்றது. அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். மூன்று துளையும் ஒரே வரிசையிலா, நடுவில் எவ்வளவு தூரம், பத்தாவது துளை எங்கே போடுகிறார்கள், முடிவு எப்போது வரும். போர்க்காரனிடம் கேட்பதைப்போலவே கேட்டார். கடைசியில் நாற்பது மடங்குத் தாளையும் பார்த்தார். கழித்துப் போட்ட பாதி மடிந்து உள்ளே இருந்தது, நான் பிரித்துக் காட்டவில்லை. பத்தாவது துளையையும் பார்த்துவிடலாமே என்றார். வெள்ளிக்கிழமை வேண்டாம், பிறகு சொல்கிறேன் என்று ரிக்காரரை அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஒரு அறை விட்டிருந்தால்கூட மறுநாள் காலையில் விற்றிருப்பேன்.

வண்டி வெறும் வண்டியாகப் போகுமா? பக்கத்துத் தோட்டக்காரர் பிடித்துக்கொண்டார். அதே வெள்ளிக்கிழமை, எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் போர் இறங்கியது. நாங்கள் இருவரும் வேலி ஓரம் நின்றோம். பாறைத் தூள் வெள்ளைப் புகையாகவே வந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில், வராமலே போகட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என் மனசுதானா என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. மதியத்துக்கு மேல் புகை கறுத்து, சேறாகி, தண்ணீர் எழும்பிப் பக்கத்துத் தென்னை உயரத்துக்கு அடித்தது. தோட்டக்காரர் மனைவி முந்தானையை ஏந்திக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே போய் நின்றுவிட்டார்.

காலையிலிருந்து பங்கு விலையைப் பார்த்துக்கொண்டிருந்த செல்போனை வீட்டுக்காரர் சட்டைப் பைக்குள் போட்டார். இன்னைக்குச் சந்தை மூடியாச்சு, திங்கட்கிழமை வித்துரு என்றார்.

சனிக்கிழமை பத்தாவது துளையின் முடிவு வந்தது. எதிர்பார்த்த அளவில் இல்லை, மேலும் ஆய்வு தேவை என்று இரண்டு வரி. திங்கட்கிழமை காலையில் விற்கப் போட்டேன். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் விலை இறங்கக் கூடாது என்று ஒரு எல்லை உண்டாம், சந்தை திறந்ததுமே அங்கே போய் நின்றது. விற்க ஆயிரக்கணக்கில் வரிசை நிற்கிறது, வாங்க ஒரு ஆள் இல்லை. மறுநாளும் அப்படியே. விலை என்று ஒன்றைத் திரையில் காட்டுகிறார்கள், அந்த விலைக்கு வாங்குகிறவன் பூமியில் கிடையாது. அப்படியானால் அது என்ன விலை? ஜெராக்ஸ் கடையில் கேட்டேன். ஒரு துளை பொய்த்தால் அடுத்ததை எங்கே போடக் கூடாது என்றாவது தெரியுமே, அதுவும் மதிப்புதானே என்றார் அக்கா. லைன்மேன் அண்ணன் தன் பிரதியை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அதுவும் சரியாகத்தான் பட்டது எனக்கு. எழுந்து வந்துவிட்டேன்.

பக்கத்துத் தோட்டக்காரர் நல்ல மனிதர். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் எங்கள் தோப்புக்கு ஓஸ் குழாய் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஏன் போரை நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்கவும் இல்லை. முதல் நாள் நான் குழாயைப் பிடித்துக்கொண்டு மரம் மரமாகப் போனேன். வீட்டுக்காரர் மஞ்சள் தடவிய கல்மேல் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கே ஒன்னிய நாலு வார்த்த வஞ்சிருக்கணும்," என்றார்.

"இப்ப வையுங்க," என்றேன்.

நிஜமாகவே சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். என்னை, என் படிப்பை, ஜெராக்ஸ் கடையை, கடைசியில் தன்னையும் சேர்த்து வைதார். நான் குறுக்கே பேசவில்லை. தண்ணீர் நிற்கும்வரை வைதுகொண்டே இருந்தார். நான் பதினேழு மரம் நனைத்திருந்தேன்.