முதல் வரியில் பிள்ளையார்

கட்டளை அடித்தால் ஓடுகிற புரோகிராமை எழுதுவது பெரிய வேலை இல்லை. அது அடுத்தவர் கம்ப்யூட்டரிலும் கிளம்ப வேண்டும், அங்கேதான் நம் உயிர் போகும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மன்னார்குடி சாலையில் அரிசி ஆலை வைத்திருக்கும் தனபால் அண்ணனுக்கு, நெல் காயவைக்கும் டிரையரை ஓட்ட ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மழையில் அறுத்த நெல்லை உடனே காயவைக்காவிட்டால் குவியலிலேயே முளைவிட்டுவிடும். புரோகிராம் கிளம்பாவிட்டால் ஒரு குடும்பத்தின் குறுவை போச்சு.

உட்காராத விருந்தாளி

முதலில் அவருடைய விண்டோஸ் லேப்டாப்பில் ஒத்திகை. இரண்டு தட்டுத் தட்டினார். கறுப்புத் திரை திறந்தது, உடனே மூடிக்கொண்டது. உள்ளே ஏதோ பிழை, படிப்பதற்குள் போய்விட்டது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும்மா அது? கதவைத் திறந்து எட்டிப் பார்த்துட்டு, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம போயிட்டாரே!"

ஜாமீன்

அதைச் சரிசெய்தேன். அடுத்து, துபாயிலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்த மேக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். எழுதியவர் யாரென்று தெரியாததைத் திறக்க மாட்டேன் என்று அது அடம்பிடித்தது. அனுமதி கொடுக்க எங்கே போக வேண்டும் என்று போனில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியது.

"நம்ம தஞ்சாவூர்ப் பொண்ணுதான், நல்ல குடும்பம்னு நான் சொன்னா கேட்டுக்குமா?"

யார் முதலில்?

குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டது. டிரையரோடு இணைத்திருந்தது, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. லேப்டாப்பில் நன்றாக ஓடியதை அண்ணன் அதற்கு மாற்றினார்; கிளம்பவில்லை. நனைந்துகொண்டே ஸ்கூட்டியில் போனேன். குத்தகை நிலத்தில் பயிர் வைத்த காமாட்சியக்கா ஈர நெல்லோடு டிராக்டரில் வந்து காத்திருந்தார். நெல்லுக்குள் கையை விட்டுப் பார்த்து, "சுடுதும்மா" என்றார். முளைவிடுவதற்கு முன் வரும் சூடு அது.

புரோகிராமைத் திறந்து பார்த்தால், எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில் பிள்ளையார் சுழி! ஹேஷ் (#) குறி போட்ட வரியை மெஷின் கண்டுகொள்ளாது, என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று நாம் எல்லோருக்கும் சொல்லித் தருவோமே, அதன்படி அண்ணன் பக்தியாகப் போட்டிருக்கிறார். விண்டோஸ் கோப்பின் பெயரைப் பார்த்தே ஓட்டிவிடும். லினக்ஸோ முதல் வரியைப் பார்த்துத்தான், இதை யாரிடம் கொடுத்து ஓட்டுவது என்று முடிவு செய்யும். அதைச் சொல்ல நான் முதலில் எழுதியிருந்த வரி இப்போது இரண்டாவதாகக் கிடந்தது.

சுழியை எடுக்கப் போனேன். அண்ணன் என் கையைத் தடுத்தார். "கல்யாணப் பத்திரிகையிலேருந்து கடைச் சீட்டு வரைக்கும் அவருதான் முதல்ல. மெஷின் வேணும்னா கீழ வரட்டும்." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் ஆலை, அவர் சாமி. காமாட்சியக்காதான் டிராக்டரிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏங்க முதலாளி, ஆத்தங்கரையில மரத்தடியிலயே உக்கார்ந்திருக்கிறவரு, ரெண்டாவது வரியில உக்கார மாட்டேன்னா சொல்லப் போறாரு? என் நெல்லை ஏத்துங்க!"

அண்ணன் கையை எடுத்தார், சுழி ஒரு வரி கீழே இறங்கியது, டிரையர் ஓடியது. அன்றிலிருந்து எந்தக் கம்ப்யூட்டருக்கு எழுதினாலும் இரண்டாவது வரியில் நானே ஒரு சுழி போட்டுத்தான் கொடுக்கிறேன், கிளம்பாவிட்டால் பொறுப்பில் பங்குபோட்டுக்கொள்ள ஓர் ஆள் இருக்கட்டுமே.